ஆடலுக்கு எழுத்துத் தந்தவர்

இசைக்கு எழுத்து உண்டு. தாளில் குறித்து வைத்த சுரங்களைப் பார்த்து, அவற்றை இயற்றியவர் மறைந்து நூறாண்டு கழிந்த பின்னும் ஒருவர் பாடிவிடலாம். நாடகத்துக்கும் எழுத்து உண்டு. ஆனால் ஆடலுக்கு? ஆசிரியர் ஆடிக் காட்டுவார்; மாணவி பார்த்து ஆடுவாள். ஆசிரியர் மறைந்தால் மாணவியின் நினைவில் நின்றது மட்டுமே மிஞ்சும். தில்லைக் கோபுரங்களில் 108 கரணங்களையும் கல்லில் வடித்து வைத்தார்கள் நம் முன்னோர். காணக் காணத் தெவிட்டாத காட்சி அது. எனினும் கல் ஒரு கணத்தைத்தான் காட்டும். அக்கணத்துக்கு முன் கால் எங்கே இருந்தது, பின் எங்கே சென்றது, விரைந்து சென்றதா மெல்லச் சென்றதா என்பனவற்றை அது சொல்வதில்லை.

இயற்பியல் பயிலும் எனக்கு இது பெரும் வியப்பாக இருந்தது. கோள்களின் இயக்கத்தை எழுதக் கற்ற மனிதன், எறிந்த கல்லின் பாதையை எழுதக் கற்ற மனிதன், தன் கையசைவை எழுதுவதற்கு மட்டும் ஏன் இவ்வளவு காலம் காத்திருந்தான்? இந்த வினாவைத் தொடர்ந்து சென்றபோதுதான் ருடால்ஃப் லாபான் என்னும் பெயரைக் கண்டேன். அவர் வாழ்க்கை புகழ்மாலை மட்டும் சூட்டுதற்குரியதன்று. உயர்வும் உண்டு, தலைகுனிவும் உண்டு. இரண்டையும் சேர்த்தே இங்குச் சொல்ல விழைகிறேன்.

பிறப்பும் இளமையும்

1879-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் பிரஸ்பர்க் நகரில் லாபான் பிறந்தார். அந்நாளில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்த அந்நகரம் இன்று பிராட்டிஸ்லாவா என்னும் பெயரில் ஸ்லோவாக்கியாவின் தலைநகராக விளங்குகிறது. தந்தை பேரரசின் படையில் உயர்ந்த தளபதி. அவர் பணி நிமித்தம் பாஸ்னியாவில் இருந்தபோது சிறுவன் லாபானும் அங்குச் சென்று வந்தான். அணிவகுத்துச் செல்லும் படைவீரர்களைக் கண்டான். தன்னை மறந்து சுழன்றாடும் இஸ்லாமியத் துறவியரையும் கண்டான். ஓரிடத்தில் ஆயிரம் கால்கள் ஒரே கட்டளைக்கு அசைந்தன. மற்றோரிடத்தில் ஒவ்வொருவர் உடலும் உள்ளிருந்து எழுந்த உணர்ச்சியால் அசைந்தது. இவ்விரண்டும் பின்னாளில் அவர் வாழ்வெங்கும் மாறி மாறித் தோன்றுவதைக் காண்போம்.

தந்தையின் விருப்பப்படி படைக் கல்லூரியில் சேர்ந்த லாபான் அங்கு நிலைக்கவில்லை. 1900-இல் ஓவியம் பயின்ற மார்த்தா என்னும் பெண்ணை மணந்து பாரிசுக்குச் சென்றார். ஓவியமும் கட்டடக்கலையும் பயின்றார். 1907-இல் மார்த்தா இறந்தார். 1910-இல் மாயா என்னும் பாடகியை மணந்தார். பிள்ளைகள் பலர் பிறந்தனர். ஆனால் குடும்பச் சுமையை அவர் தோளில் தாங்கினார் என்று சொல்ல முடியாது, தாங்கியவர்கள் பெண்களே. பெரியோர் வரலாறுகளில் இச்செய்தி பெரும்பாலும் ஓரத்தில் ஒதுக்கப்படும். ஒதுக்கிவிடலாகாது என்பதற்காகக் குறிப்பிடுகிறேன்.

மலைமேல் ஒரு பள்ளி

1913-ஆம் ஆண்டு கோடையில் சுவிட்சர்லாந்து நாட்டின் அஸ்கோனா என்னும் ஊருக்கு லாபான் மாணவர்களுடன் சென்றார். ஏரிக்கு மேலே உள்ள குன்றில் அக்காலத்தில் ஒரு புதுமைக் குடியிருப்பு இருந்தது. நகர வாழ்வை வெறுத்தவர்கள் மரக்கறி உண்டு, தோட்டம் பயிரிட்டு, திறந்த வெளியில் வாழ்ந்தார்கள். அவர்களிடையே லாபான் ஆடல் கற்பித்தார். இசைக்கு அடிமையாகி ஆடாமல், உடலின் அசைவையே முதற்பொருளாகக் கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. மேரி விக்மன் என்னும் மாணவி அங்கு வந்து சேர்ந்தார். ஜெர்மானியப் புதிய நடனத்தின் தலைமகளாகப் பின்னர் விளங்கியவர் இவரே. லாபான் வகுத்த அசைவு வரிசைகளை முதன்முதல் தம் உடலில் செய்து பார்த்தவரும் இவரே.

அவ்வரிசைகள் யாவை? இங்குக் கட்டடக்கலை கற்றது பயன்பட்டது. ஒருவன் நின்ற இடத்திலிருந்து நகராமல் கைகால்களை நீட்டினால் எட்டக்கூடிய வெளி ஒன்று உண்டு. அது அவனைச் சுற்றியுள்ள ஒரு கோளம் போன்றது. அவன் நடந்தால் அதுவும் உடன் நடக்கும். அக்கோளத்துக்குள் இருபது முக்கோண முகங்களும் பன்னிரண்டு முனைகளும் கொண்ட ஒரு திண்ம உருவத்தை லாபான் கற்பனை செய்தார். ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று செவ்வகங்களை நிறுத்தினால் அவற்றின் பன்னிரண்டு மூலைகளே இவ்வுருவத்தின் பன்னிரண்டு முனைகளாகும். கதவைப் போல் நிற்பது ஒன்று, மேசையைப் போல் கிடப்பது ஒன்று, உருளும் சக்கரத்தைப் போல் முன்பின்னாக நிற்பது ஒன்று. இம்முனைகளை ஒழுங்காகத் தொட்டுச் செல்லும் அசைவுகளை, இசையில் ஆரோகண அவரோகணம் பயிற்றுவதுபோல் மாணவர்க்குப் பயிற்றினார். வடிவ கணிதத்தை வகுப்பறையில் வெறுப்பவர்கள் இதைக் கேட்டால் ஒருவேளை மனம் மாறக்கூடும்!

எழுத்து பிறந்தது

முதல் உலகப் போர் முடிந்தபின் லாபான் ஜெர்மனிக்கு வந்தார். 1920-இல் அவருடைய முதல் பெரிய நூல் வெளிவந்தது. ஹாம்பர்க் முதலிய நகரங்களில் ‘அசைவுக் குழு’க்களை அமைத்தார். பகலெல்லாம் அலுவலகத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் மாலையில் ஒன்றுகூடி ஆடினார்கள். பாடத் தெரிந்த பலர் கூடிப் பாடும் குழுவைப் போல இது ஆடும் குழு. தேர்ந்த நடனக்காரர்க்கு மட்டுமின்றி எல்லார்க்கும் ஆடல் உரியது என்பதை அவர் செயலில் காட்டினார்.

1928-இல் அவர் நெடுநாள் முயன்று உருவாக்கிய ஆடல் எழுத்து வெளியாயிற்று. அவருக்கு முன்பும் முயன்றவர்கள் உண்டு. 1700-இல் பிரான்சில் ஃபோயே என்பவர் ஒரு முறையை வெளியிட்டார். அது பெரும்பாலும் காலடி வைப்பைக் குறித்தது. முழு உடலையும் எழுதியது லாபானின் முறை.

அதன் அமைப்பை எளிதாகச் சொல்லிவிடலாம். நெடுக்காக மூன்று கோடுகள். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். நடுக்கோட்டுக்கு இடப்புறம் எழுதியது உடலின் இடப்பக்கம். வலப்புறம் எழுதியது வலப்பக்கம். நடுக்கோட்டை ஒட்டிய பத்தி உடலின் எடையைத் தாங்கும் உறுப்புக்கு உரியது. வெளியே செல்லச் செல்லக் கால், உடல், கை எனப் பத்திகள் அமையும். குறியின் வடிவம் எத்திசை என்று சொல்லும். உள்ளே கோடிட்டிருந்தால் மேல்நிலை, புள்ளியிட்டிருந்தால் நடுநிலை, கறுப்பாக நிரப்பியிருந்தால் கீழ்நிலை. குறியின் நீளமே அசைவின் காலம். நீண்ட குறி மெல்லிய அசைவு. குறுகிய குறி விரைந்த அசைவு. ஆக ஒரே குறி நான்கு செய்திகளைச் சொல்லிவிடுகிறது. எந்த உறுப்பு, எத்திசை, எந்த உயரம், எவ்வளவு நேரம் என்பன அவை. அறிவியல் மாணவர் எவரும் இந்தச் சிக்கனத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

1929-இல் வியன்னா நகரத் தொழிலாளர் குழுக்களின் பெரும் ஊர்வலத்தை அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஏறத்தாழ 10,000 பேர் அதில் கலந்துகொண்டனர். அதற்கு முன் அவர் பட்டறை பட்டறையாகச் சென்று கொல்லரும் தச்சரும் தையற்காரரும் எவ்வாறு அசைகிறார்கள் என்று உற்று நோக்கினார். பணி செய்யும் கை அவர் கண்ணில் பட்ட காலம் இது. அது முளைவிடப் பதின்மூன்று ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

ஆயிரம் பேர் ஆடிய நாள்

1930-இல் பெர்லின் அரசு ஓபராவின் நடனத் தலைவரானார். புகழின் உச்சி அது. 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர்.

இங்கு இருவரை அருகருகே நிறுத்திப் பார்க்க வேண்டும். கர்ட் யோஸ் என்பவர் லாபானின் மாணவர். போரைச் சாடும் அவருடைய ஆடல் நாடகம் 1932-இல் பாரிஸ் போட்டியில் முதற்பரிசு பெற்றது. அவர் குழுவில் இருந்த யூதர்களை விலக்குமாறு 1933-இல் வற்புறுத்தினார்கள். யோஸ் மறுத்தார். தம் குழுவினரை அழைத்துக்கொண்டு நாட்டை விட்டே வெளியேறினார். ஆசிரியரான லாபானோ தங்கிவிட்டார். அதே 1933-இல் ஓபராவின் சிறுவர் நடன வகுப்பிலிருந்து ஆரியர் அல்லாதார் எனப்பட்ட பிள்ளைகள் நீக்கப்பட்டனர். அவ்வகுப்பு லாபானின் பொறுப்பில் இருந்தது. 1934-இல் கோயபல்சின் துறையின்கீழ் நாட்டின் நடனப் பணிகளை நடத்தும் பதவியை ஏற்றார். அரசின் பெயரால் நடன விழாக்களை நடத்தினார்.

ஏன் தங்கினார்? கலை அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று நம்பினாரா? தாம் இருபது ஆண்டுகள் கட்டிய பள்ளிகளைக் காப்பாற்றலாம் என்று எண்ணினாரா? பதவி இனித்ததா? எதுவாயினும் விளைவு ஒன்றே. மனிதரின் விரலசைவைக் கண்டு அவர் உள்ளத்தை ஊகிக்க முயன்றவர், நாடே ஒரு கையை உயர்த்தி நின்றதன் பொருளைக் கண்டு விலகவில்லை.

1936-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் பெர்லினில் நடந்தன. அதையொட்டி எழுந்த திறந்தவெளி அரங்கின் தொடக்கத்துக்காக ஒரு மாபெரும் கூட்டு ஆடலை லாபான் அமைத்தார். ஏறத்தாழ ஆயிரம் பேர். பல நகரங்களைச் சேர்ந்தவர்கள். ஆடலை எழுத்தில் எழுதி ஒவ்வொரு நகரத்துக்கும் அனுப்பினார்கள். அவரவர் ஊரில் படித்துப் பயின்றவர்கள் பெர்லினில் ஒன்றுகூடியதும் ஒரே உடல்போல் ஆடினார்கள். எழுத்து வென்றது. ஆனால் அவ்வெழுத்து எப்படி அசைவது என்று சொல்லுமே தவிர, யாருக்காக அசைவது என்று கேட்காது. அதைக் கேட்க வேண்டியவர் எழுதியவர்தாம்.

ஜூன் 20-ஆம் நாள் ஒத்திகையைப் பார்த்த கோயபல்ஸ் அந்நிகழ்ச்சிக்குத் தடை விதித்தார். தம் கட்சிக் கருத்தைத் தவிர வேறொன்றைப் பேசும் ஆடல் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. லாபான் பதவியை இழந்தார். ஜெர்மனியில் அவர் பெயரும் முறையும் ஒதுக்கப்பட்டன. 1937-இல் நோயாளியாக, கையில் பொருளின்றிப் பாரிஸ் வந்து சேர்ந்தார். நாஜிகள் அவரைத் துரத்தியது உண்மை. ஆனால் அதைக்கொண்டு அவரை நாஜிகளை எதிர்த்த வீரராக்கிவிட முடியாது. அவர் விலகவில்லை, விலக்கப்பட்டார்.

டார்ட்டிங்டன்

1938 தொடக்கத்தில் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள டார்ட்டிங்டன் என்னும் இடத்துக்கு லாபான் வந்தார். அவருக்கு அங்கே இடம் கிடைக்க வழிசெய்தவர் யார்? முன்னரே வெளியேறி அங்கே நடனப் பள்ளி நடத்திக்கொண்டிருந்த கர்ட் யோஸ்! ஆசிரியர் தங்கிய நாட்டில் தங்க மறுத்த மாணவர், அங்கிருந்து வீழ்ந்து வந்த ஆசிரியரை ஏற்றுக்கொண்டார். இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போது லாபானைவிட யோஸ் மீதே என் மதிப்பு உயர்கிறது. அப்பள்ளியின் ஆசிரியை லிசா உல்மன் நோயுற்ற லாபானைப் பேணி மீட்டார்.

டார்ட்டிங்டன் நமக்கும் தொடர்புடைய இடம். அதை நிறுவிய லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட், 1921-இல் சாந்திநிகேதனுக்கு வந்து, தாகூருடன் சேர்ந்து ஸ்ரீநிகேதனின் கிராமப் பணியைத் தொடங்கியவர். 1925-இல் தம் மனைவி டொரத்தியுடன் டார்ட்டிங்டனை வாங்கிக் கல்வியும் கலையும் உழவும் ஒன்றுசேரும் இடமாக்கினார். நடனமேதை உதய சங்கர் தம் குழுவுடன் 1936-இல் அங்குத் தங்கியிருந்தார். பின்னர் அவர் அல்மோராவில் கலை மையம் அமைத்தபோது எல்ம்ஹர்ஸ்ட் தம்பதியர் உதவினார்கள். பாலசரசுவதியின் ஆசான் கந்தப்பப் பிள்ளை பரதம் கற்பித்தது அந்த அல்மோரா மையத்தில்தான். ஒரே தம்பதியரின் ஆதரவு லாபானுக்குத் தஞ்சமாகவும் நம் பரதம் இமயச் சாரலில் ஒலிக்கத் துணையாகவும் அமைந்தது.

தொழிற்சாலைக்குள்

இரண்டாம் உலகப் போர் மூண்டது. பகை நாட்டிலிருந்து வந்தவர் என்பதால் கடற்கரைப் பகுதியை விட்டு லாபான் வெளியேற நேர்ந்தது. சிறிது காலம் வேல்ஸில் இருந்தார். பிறகு மான்செஸ்டர் நகரில் ஆலைகளுக்கு ஆலோசனை கூறிவந்த லாரன்ஸ் என்பவர் அவரைத் தேடினார். 1942-இல் லாபானும் உல்மனும் மான்செஸ்டர் சென்றனர். அப்போது அவருக்கு வயது 62.

ஆண்கள் போருக்குச் சென்றுவிட்டதால் ஆலைகளில் பெண்கள் நிறைந்திருந்தனர். பொறியும் பளுவும் ஆண்களின் அளவுக்கு அமைந்தவை. டயர் புதுப்பிக்கும் ஓர் ஆலையில் கனத்த டயர்களைப் பெண்கள் தூக்கவேண்டியிருந்தது. ஆண்களைப்போல் கைவலிமையால் தூக்க முயன்றால் உடல் தாங்காது. லாபானும் அவர் உதவியாளர் ஜீன் நியூலவும் வேறு வழி கற்பித்தனர். டயரை ஊசல்போல் வீசியாட்டி, உடலின் எடையையும் அதனோடு ஆடவிட்டு, வீச்சு மேலே எழும் நேரத்தில் அதன் வேகத்தையே பயன்படுத்தி ஏற்றிவிடுவது. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. நின்ற பொருளை ஒரே மூச்சில் தூக்கப் பெருவிசை வேண்டும்; ஆடும் பொருளுக்குச் சிறிது சிறிதாக ஆற்றலைச் சேர்த்துக்கொள்ளலாம். ஊஞ்சலைத் தள்ளும் சிறுமி இதை அறிவாள்.

அமெரிக்காவில் டெய்லரும் கில்பிரெத்தும் உழைப்பை முன்னரே ஆராய்ந்தவர்கள். டெய்லர் கடிகாரத்தைக் கையில் பிடித்து நேரத்தை அளந்தார். கில்பிரெத் தேவையற்ற அசைவுகளைக் குறைத்தார். ஒரு வேலைக்கு ஒரே சிறந்த வழி என்பது அவர்கள் நோக்கு. லாபான் வேறொன்றைக் கேட்டார். இந்தப் பெண்ணின் உடல் எவ்வகை அசைவுக்கு இயல்பானது? அவளுக்கு எந்த வேலை பொருந்தும்? ஒரே வகை அசைவைச் செய்து களைத்தவளுக்கு எவ்வகை மாற்று அசைவு ஓய்வு தரும்? பெர்லினில் ஆயிரம் பேரை ஒருவராக்கியவர், மான்செஸ்டரில் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்க்கக் கற்றார் என்றே நான் கருதுகிறேன்.

இந்த ஆராய்ச்சியை 1947-இல் லாரன்சுடன் சேர்ந்து நூலாக்கினார். அதன் கரு ‘முயற்சி’ என்னும் கருத்து. எல்லா அசைவிலும் மூன்று இரட்டைகளைக் காணலாம். வலியதா, மெல்லியதா? நேரானதா, வளைந்து பரவுவதா? சட்டென்றதா, நீடித்ததா? இரண்டிரண்டாக மூன்றைப் பெருக்கினால் எட்டு. அவையே எட்டு அடிப்படைச் செயல்கள். நம் வீட்டிலேயே அவற்றைக் காணலாம். உலக்கையால் குத்துவது வலியது, நேரானது, சட்டென்றது. மாவை அழுத்திப் பிசைவது வலியது, நேரானது, நீடித்தது. ஈரத் துணியைப் பிழிவது வலியது, நீடித்தது, வளைந்தது. சாட்டையை வீசுவது வலியது, சட்டென்றது, வளைந்தது. நெற்றியில் பொட்டு வைப்பது மெல்லியது, நேரானது, சட்டென்றது. மடித்த புடவையை நீவுவது மெல்லியது, நேரானது, நீடித்தது. தோளில் விழுந்த தூசியைத் தட்டுவது மெல்லியது, சட்டென்றது, வளைந்தது. எட்டாவது, இறகுபோல் கையை மிதக்கவிடுவது. இவற்றோடு, அசைவு தடையின்றிப் பாய்கிறதா, அடக்கிப் பிடிக்கப்படுகிறதா என்பதையும் நான்காவதாக அவர் சேர்த்துக்கொண்டார். குத்துவதற்கும் பிசைவதற்கும் உள்ள வேறுபாடு காலம் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். இவ்வளவு எளிய அட்டவணை நடிகனுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் ஒருங்கே பயன்படுவதே இதன் சிறப்பு.

இறுதியும் எச்சமும்

1946-இல் உல்மன் மான்செஸ்டரில் அசைவுக்கலைக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். 1948-இல் பள்ளிகளில் ஆடல் கற்பித்தல் பற்றியும், 1950-இல் மேடை அசைவு பற்றியும் லாபானின் நூல்கள் வந்தன. இங்கிலாந்தின் பள்ளிகளில் அவர் முறை பரவிற்று. 1953-இல் கூடம் சர்ரே பகுதிக்கு மாறியது. 1958-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள், 78-ஆம் வயதில், லாபான் காலமானார்.

அவர் எழுத்து அவரோடு மறையவில்லை. 1952-இல் ஹானியா ஹோம் அமைத்த நடனம் ஒன்று லாபான் எழுத்தில் எழுதப்பட்டு, அமெரிக்காவில் பதிப்புரிமை பெற்றது. எழுத்தில் இருந்ததால்தான் ஆடலும் ஒருவரின் படைப்பு என்று சட்டத்தின் முன் நிற்க முடிந்தது. அவர் மாணவி இர்ம்கார்ட் பார்ட்டெனியஃப் நியூயார்க்கில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டவர்களுக்குப் பயிற்சியளிக்க இம்முறையைக் கையாண்டார். 2000-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினியில் நடமாடும் உருவங்களுக்கு உயிர்ப்பூட்ட ‘முயற்சி’க் கருத்தைப் பயன்படுத்தினார்கள். லண்டனில் இன்றும் அவர் பெயர் தாங்கிய கல்லூரி நடக்கிறது.

குறை இல்லாத முறை என்று நான் கூறவில்லை. கையின் திசையையும் காலத்தையும் ஒளிப்படக் கருவி கொண்டு அளந்துவிடலாம். 1882-இலேயே பிரான்சில் மாரே என்பவர் தொடர் ஒளிப்படங்களால் நடையை ஆராயத் தொடங்கிவிட்டார். ஆனால் ஓர் அசைவு மெல்லியதா வலியதா என்று தீர்ப்பளிப்பது பயின்ற கண். இரு கண்கள் எப்போதும் ஒரே தீர்ப்பைத் தரும் என்பதில்லை. கருவி எங்கே முடிகிறதோ அங்கே கண் தொடங்குகிறது. கண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதைச் சோதித்துப் பார்ப்பது நம் போன்றோர் கடமை.

நண்பர்களே! நம் சங்கத்தில் பரதம் பயின்றவர்கள் இருக்கிறார்கள். விசையியல் பயில்பவர்களும் இருக்கிறார்கள். ஆண்டு விழாவன்று ஒருவர் மேடையிலும் மற்றவர் நாற்காலியிலுமாகப் பிரிந்துவிடுகிறோம். அரைமண்டியில் முழங்கால் தாங்கும் பளு எவ்வளவு, தட்டடவில் தரை திருப்பித் தரும் விசை எவ்வளவு என்று ஆடுபவர் கேட்கலாம்; அளக்கத் தெரிந்தவர் அளந்து சொல்லலாம். நம் ஆசான்மார் சொற்கட்டில் பொதிந்து வைத்ததை எழுத்தில் கொண்டுவர முடியுமா என்று இருவரும் சேர்ந்து முயலலாம். லாபானிடமிருந்து இம்முயற்சியைக் கற்றுக்கொள்வோம். யாருக்காக ஆடுகிறோம் என்ற கேள்வியை மட்டும் கர்ட் யோஸிடமிருந்து கற்றுக்கொள்வோம்.